“வளையம் நிலைக்காது!” – ஒரு ரசிகர் மாநாட்டில் நடந்த அறிவியல் பாடம்



ஆண்டு இறுதியில் கோலாலம்பூரில் நடக்கும் காமிக் ஃபியெஸ்டாவுக்கு உங்களில் சிலர் போயிருப்பீர்கள். பிடித்த கதாபாத்திரத்தைப் போல வேடமிட்டவர்கள், ஓவியங்கள், நீண்ட வரிசைகள் எல்லாம் உங்களுக்குப் பழக்கமானவை. இந்த வாரம் அதைப் போன்ற இன்னொரு கூட்டத்திற்கு உங்களை அழைத்துச் செல்கிறேன். அங்கே வரும் ரசிகர்களிடம் ஒரு வித்தியாசமான பழக்கம் உண்டு. தங்களுக்குப் பிடித்த கதையில் கணக்குப் பிழை இருக்கிறதா என்று தேடுவார்கள்!

பாஸ்டனில் ஒரு பிப்ரவரி

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஆண்டுதோறும் பிப்ரவரி மாதத்தில் ‘பாஸ்கோன்’ என்ற அறிவியல் புனைகதை, மாயக்கதை ரசிகர்களின் வட்டார மாநாடு நடக்கிறது. 1967-இல் தொடங்கப்பட்ட நியூ இங்கிலாந்து அறிவியல் புனைகதைச் சங்கம் இதை நடத்துகிறது. ஏற்பாடுகளைச் செய்பவர்கள் ரசிகர்களே, அதுவும் சம்பளம் வாங்காத தொண்டர்களாக.

ஒரு ஹோட்டலில் சில நாள்கள் நடக்கும் இந்த மாநாட்டிற்கு நீங்கள் போனால் முதலில் கழுத்தில் பெயரட்டை மாட்டுவார்கள். ஓர் அறையில் ஓவியக் கண்காட்சி, இன்னோர் அறையில் பழைய, புதிய புத்தக விற்பனை. மற்ற அறைகளில் எழுத்தாளர்களும் அறிவியலாளர்களும் மேசையில் வரிசையாக அமர்ந்து கலந்துரையாடுவார்கள். இரவில் ரசிகர்கள் கூடிப் பாடும் பாட்டுக்கு ‘ஃபில்க்’ என்று பெயர். ‘ஃபோக்’, அதாவது நாட்டுப்புறப் பாட்டு என்ற சொல்லை 1950களில் ஒருவர் தவறாகத் தட்டச்சு செய்ய, அந்தப் பிழையே பெயராக நிலைத்துவிட்டது.

கலந்துரையாடல் முடிந்ததும் கேள்வி நேரம். கையைத் தூக்குபவர் பேராசிரியராகவும் இருக்கலாம், உங்கள் வயது மாணவராகவும் இருக்கலாம்.

1971: விருதும் முழக்கமும்

வட்டார மாநாடுகளைத் தவிர, ஆண்டுக்கொரு நகரம் என்று இடம் மாறும் உலக மாநாடும் உண்டு. அது முதலில் 1939-இல் நியூயார்க்கில் நடந்தது. 1971-இல் அது பாஸ்டனுக்கு வந்தது. அந்த ஆண்டு சிறந்த நாவலுக்கான ஹியூகோ விருதை வென்றது லாரி நிவன் எழுதிய ‘ரிங்வேர்ல்டு’, அதாவது வளைய உலகம்.

அந்த உலகத்தைக் கற்பனை செய்து பாருங்கள். ஒரு நட்சத்திரத்தைச் சுற்றி மாபெரும் வளையம். அதன் ஆரம் ஏறக்குறைய 15 கோடி கிலோமீட்டர், அதாவது சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தூரம். வளையம் வேகமாகச் சுழல்வதால், உட்புறத்தில் நிற்பவர்களுக்குத் தரையில் நிற்பதைப் போன்ற எடை கிடைக்கிறது.

இது சரிதானா? படிவம் 4 இயற்பியலில் ‘டாயா மெமுசாட்’ என்று படிக்கும் மையநோக்கு விசையை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். முடுக்கம் என்பது வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்தால் வருவது. கதையில் வளையத்தின் வேகம் வினாடிக்குச் சுமார் 1,200 கிலோமீட்டர், அதாவது 12 இலட்சம் மீட்டர். ஆரம் 15,000 கோடி மீட்டர். கணக்கிட்டால் விடை 9.6. பூமியின் ஈர்ப்பு முடுக்கமான 9.8-க்கு மிக அருகில்! இந்தக் கணக்கில் நிவன் தேறிவிட்டார்.

ஆனால் மாநாட்டுக்கு வந்த எம்.ஐ.டி. மாணவர்கள் ஹோட்டல் தாழ்வாரங்களில் “வளைய உலகம் நிலைக்காது!” என்று முழங்கிக்கொண்டே போனார்கள்.

ஏன் நிலைக்காது?

ஒரு சட்டிக்குள் கோலிக்குண்டைப் போடுங்கள். தட்டிவிட்டாலும் அது மீண்டும் நடுவுக்கு வரும். இது நிலையான சமநிலை. சட்டியைக் கவிழ்த்து அதன் உச்சியில் குண்டை வையுங்கள். கவனமாக வைத்தால் நிற்கும். இலேசாக ஊதினாலும் உருண்டு விழும். இது நிலையற்ற சமநிலை.

வளைய உலகம் கவிழ்த்த சட்டியின் மேலுள்ள குண்டு. நட்சத்திரம் மிகச் சரியாக நடுவில் இருக்கும்வரை எல்லாப் பக்கமும் இழுப்பு சமம். வளையம் சற்றே நகர்ந்தால் ஒரு பக்கம் நட்சத்திரத்தை நெருங்குகிறது. தூரம் குறையக் குறைய ஈர்ப்பு விசை கூடும்; தூரம் பாதியானால் விசை நான்கு மடங்கு. எதிர்ப்பக்கத்தில் இழுப்பு குறைகிறது. முழு வளையத்துக்கும் கணக்கைக் கூட்டிப் பார்த்தால் நெருங்கிய பக்கமே வெல்லும். வளையம் மேலும் நகரும், இழுப்பு மேலும் கூடும். கடைசியில் வளையம் நட்சத்திரத்தில் மோதிவிடும்.

“அப்படியானால் பூமி ஏன் சூரியனில் விழவில்லை?” என்று கேட்கிறீர்களா? பூமி முழுவதுமாகச் சூரியனைச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கிறது. வளையம் அப்படி ஓடவில்லை. இருந்த இடத்திலேயே சுழல்கிறது. அது விலகினால் திருப்பிக் கொண்டுவர எதுவும் இல்லை.

இந்த உண்மை புதியதன்று. சனிக் கோளின் வளையம் ஒரே சீரான திடப்பொருளாக இருந்தால் நிலைக்காது என்று ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் 1859-இல் வெளியான ஆய்வில் காட்டினார். அது எண்ணற்ற சிறு துண்டுகளால் ஆனதாகத்தான் இருக்க வேண்டும் என்றார். அவர் சொன்னது சரியே.

எழுத்தாளர் என்ன செய்தார்?

நிவன் கோபித்துக்கொள்ளவில்லை. பின்னர் இரண்டாம் பாகத்தை எழுதினார். அதில் வளையத்தின் விளிம்பில் அதை நடுவில் நிறுத்திவைக்கும் இயந்திரங்கள் வருகின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றை யாரோ கழற்றிவிட்டதால் வளையம் நட்சத்திரத்தை நோக்கி நகர்கிறது. மாணவர்கள் காட்டிய பிழையே புதிய கதையின் ஆபத்தாக மாறிவிட்டது!

முதல் நாவலின் முதல் பதிப்பில் இன்னொரு பிழையும் இருந்தது. கதாநாயகன் தன் பிறந்தநாளை நீட்டிக்கக் கிழக்கு நோக்கிப் போகிறான். கோலாலம்பூரில் நள்ளிரவு ஆகும்போது சென்னையில் இரவு 9.30 மணிதான். ஆகவே அவன் எந்தத் திசையில் போயிருக்க வேண்டும்? மேற்கே! அடுத்து வந்த பதிப்புகளில் இதைத் திருத்தினார்கள்.

ஓர் ஆசிரியரின் விளையாட்டு விதி

பாஸ்டன் வட்டார மாநாடுகளில் பல ஆண்டுகள் பழக்கமான முகமாக இருந்தவர் ஹால் கிளெமென்ட். அவர் எழுத்தாளர் மட்டுமல்லர். என்னைப் போல் பள்ளியில் அறிவியல் கற்பித்தவர். 18 நிமிடத்திற்கு ஒருமுறை சுழலும் மெஸ்கிலின் என்ற தட்டையான கோளை அவர் படைத்தார். அதன் நடுக்கோட்டில் ஈர்ப்பு பூமியைப் போல 3 மடங்கு. துருவத்திலோ கிட்டத்தட்ட 700 மடங்கு.

1953-இல் அவர் எழுதிய கட்டுரையில், அறிவியல் கதை என்பது எழுத்தாளரும் வாசகரும் ஆடும் விளையாட்டு என்றார். வாசகர் பிழைகளைத் தேட வேண்டும், எழுத்தாளர் பிழைகளைக் குறைக்க வேண்டும். துருவ ஈர்ப்புக் கணக்கில் தாம் மிகைப்படுத்திவிட்டதை அவரே பின்னர் ஒப்புக்கொண்டார்.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு மாணவனின் நினைவு வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் வெண்பலகையில் நான் கிலோமீட்டரை மீட்டராக மாற்ற மறந்துவிட்டேன். அவன் எழுந்து, “சார், விடை தப்பு” என்றான். நேரம் குறைவாக இருந்தது. “உட்காரு, அப்புறம் பார்க்கலாம்” என்றேன். அவன் சொன்னதுதான் சரி. மறுநாள் விடையைத் திருத்தினேன், ஆனால் அவன் பெயரைச் சொல்லவில்லை. அந்த ஆண்டு முழுவதும் அவன் மீண்டும் கையைத் தூக்கவே இல்லை.

இப்போது என் வகுப்பில் பிழையைக் கண்டுபிடிப்பவரின் பெயரைப் பலகையின் மூலையில் எழுதுகிறேன். பிழை காட்டுவது அவமரியாதை அன்று. ஒருவர் சொன்னதை முழுக் கவனத்தோடு கேட்டதற்கு அடையாளம். ஆனால் “தப்பு” என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். எந்த வரி, எந்த எண், ஏன் என்று காட்டுங்கள். எம்.ஐ.டி. மாணவர்களின் முழக்கத்துக்குப் பின்னால் கணக்கு இருந்தது.

செய்து பாருங்கள்

1. 100 மீட்டர் ஆரமுள்ள விண்வெளி நிலையம் ஒன்று சுழல்கிறது. உள்ளே பூமியைப் போல எடை இருக்க, அது ஒரு சுற்றை எத்தனை வினாடியில் முடிக்க வேண்டும்? (சுமார் 20 வினாடி வந்தால் உங்கள் கணக்கு சரி.)

2. நீங்கள் கடைசியாகப் பார்த்த அறிவியல் புனைகதைப் படத்தில் ஓர் அறிவியல் பிழையைக் கண்டுபிடியுங்கள். பிறகு நிவனைப் போல, அந்தப் பிழையைச் சரிசெய்யும் ஒரு காட்சியை நீங்களே எழுதுங்கள்.

இந்தக் கட்டுரையின் கணக்கில் பிழை இருந்தால் அதையும் எழுதி அனுப்புங்கள். பெயரை மறக்காமல் குறிப்பிடுங்கள்.