உரித்தால் வந்துவிடும் பெயிண்ட்: கடை வண்டிக்கு நிறம் மாற்றுமுன் அறிய வேண்டியவை



தராசும் கல்லாப்பெட்டியும் போல, இன்று வண்டியும் நம் கடையின் ஒரு தொழிற்கருவி ஆகிவிட்டது. கீழமாசி வீதியில் கொள்முதல் செய்த பருப்பு மூட்டையை வில்லாபுரத்துக்குக் கொண்டுவரவும், கல்யாண வீட்டுக்கு மளிகைச் சாமான் இறக்கவும் வண்டி வேண்டும். அது பளிச்சென்று இருந்தால் கடைக்கும் ஒரு மதிப்பு. அந்த ஆசையில் நான் ஏமாந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அதிலேதான் இந்தக் கட்டுரையின் பாடம் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் கடைக்கு ஒரு பழைய வேன் வாங்கினேன். மங்கலான சாம்பல் நிறம். ஒரு கீறல் இல்லை. விற்றவர் கேட்ட விலையில் பெரிதாகப் பேரம்கூடப் பேசவில்லை. அடுத்த ஐப்பசி மழையில் கதவு ஓரத்தில் ஒரு மூலை கிளம்பி நின்றது. விரலால் பிடித்து இழுத்தேன். வாழைப்பழத் தோல் போல ஒரு முழம் உரிந்து வந்தது. உள்ளே வெள்ளை நிறம், அதற்கும் கீழே பட்டி வைத்து மேடேற்றிய ஒடுக்கு, ஓரமெல்லாம் துரு. வீட்டுக்கு வந்து ஆர்.சி.யை எடுத்துப் பார்த்தேன். நிறம் என்ற இடத்தில் ‘வெள்ளை’ என்றே அச்சிட்டிருந்தது. சரக்கு வாங்கும்போது மூட்டைக்கு மூட்டை குத்தூசி போட்டுப் பார்க்கிற நான், வண்டி வாங்கும்போது அந்த ஒரு வரியைப் படிக்கவில்லை. டிங்கரிங் வேலைக்குக் கொடுத்த பணம்தான் எனக்கு அந்த வரியைப் படிக்கக் கற்றுக்கொடுத்தது.

ஆனால் குற்றம் பெயிண்டினுடையது அல்ல. முறையாகப் பயன்படுத்தினால் அது நல்ல பொருள்தான். அதை இனி வரிசையாகப் பார்ப்போம்.

இது என்ன பொருள்?

சாதாரண வண்டிப் பெயிண்ட், பிரைமர் மீது இறுகப் பற்றிக்கொள்ளும். உரிக்கும் பெயிண்ட் அப்படி அல்ல. செயற்கை ரப்பரை ஒரு கரைப்பானில் கரைத்து டப்பாவில் அடைத்திருப்பார்கள். அடித்ததும் கரைப்பான் ஆவியாகிப் போகும். ரப்பர் மட்டும் தோல் போலப் படியும். அந்தத் தோல் தகரத்தைப் பிடித்திருப்பதைவிடத் தன்னைத்தானே பிடித்திருப்பது அதிகம். அதனால்தான் வேண்டாதபோது உரித்து எடுக்க முடிகிறது.

பாலாடையை நினைத்துக்கொள்ளுங்கள். கனமாகப் படிந்த ஆடையை ஒரே வீச்சில் எடுக்கலாம். மெல்லிய ஆடை பிய்ந்து பிய்ந்து வரும். இந்தப் பெயிண்டின் முழுச் சூத்திரமும் அவ்வளவுதான்.

எண்ணம் பழையது. இரண்டாம் உலகப் போர் 1945இல் முடிந்ததும், அமெரிக்கக் கடற்படை வேலையில்லாமல் நின்ற கப்பல்களின் பீரங்கிகள் மீது பிளாஸ்டிக் தோலைத் தெளித்து, துருப்பிடிக்காமல் மூடி வைத்தது. தேவைப்படும்போது கிழித்து எடுத்துவிடலாம் என்பதே ஏற்பாடு. பின்னர் 1972இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் தொடங்கிய நிறுவனம் ‘பிளாஸ்டி டிப்’ என்ற ரப்பர் பூச்சைக் கொண்டுவந்தது. கட்டிங் பிளேயர், திருப்புளி போன்றவற்றின் கைப்பிடியை அதில் முக்கி எடுப்பார்கள். அதுவே பிறகு ஸ்பிரே டப்பாவில் வந்து, கார் சக்கரத்துக்கும் பாடிக்கும் ஏறியது. இப்போது வேறு பல நிறுவனங்களும் இதே வகைச் சரக்கை விற்கின்றன.

அடிக்கும் முறை

1. முதலில் கழுவுதல். எண்ணெய்ப் பிசுக்கு, மெழுகு, மண் எதுவும் இருக்கக் கூடாது. சோப்பு நீரில் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். இந்தப் பெயிண்டுக்கு உப்புக்காகிதம் போட்டுத் தேய்க்க வேண்டியதில்லை.

2. பழைய பெயிண்டைச் சோதித்தல். உரிந்துகொண்டிருக்கும் பெயிண்ட் மீது அடித்தால், உரிக்கும்போது அதுவும் சேர்ந்து வரும். புதிதாக அடித்த பெயிண்ட் குறைந்தது ஒரு மாதமாவது ஆறட்டும். கண்ணில் படாத ஓர் இடத்தில் அடித்துப் பார்ப்பது நல்லது.

3. மறைத்தல். நம்பர் பிளேட், விளக்குகள், கண்ணாடி, ஒளிரும் ஸ்டிக்கர் ஆகியவற்றைத் தாளும் டேப்பும் வைத்து மறையுங்கள். பிரேக் தட்டிலும் புகைக்குழாயிலும் படவே கூடாது. இந்த ரப்பர் சுமார் 93 டிகிரி செல்சியஸ் வரைதான் சூடு தாங்கும்.

4. அடித்தல். டப்பாவை நன்றாகக் குலுக்கி, 15 முதல் 20 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, கையை நிறுத்தாமல் வீச வேண்டும். முதல் பூச்சு பாதி மறைத்தால் போதும். ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவே அரை மணி நேரம் விட்டு, ஐந்து ஆறு பூச்சு கொடுங்கள். இரண்டு பூச்சோடு நிறுத்தி டப்பாவை மிச்சம் பிடிப்பவர், உரிக்கும் நாளில் நகம் தேயச் சுரண்டுவார்.

5. டேப்பை எடுத்தல். கடைசிப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே டேப்பை எடுத்துவிட வேண்டும். காய்ந்தபின் இழுத்தால் ஓரத் தோலும் சேர்ந்து கிழியும்.

6. காயவிடுதல். நான்கு மணி நேரம் தொடக் கூடாது. பிறகும் சில நாள் வண்டியைக் கழுவ வேண்டாம். மழைக்காலத்தில் இந்த வேலையைத் தள்ளிப்போடுங்கள். புழுதி பறக்கும் மாலையைவிடக் காற்றடங்கிய காலை நல்லது.

உரிக்கும்போது ஓரத்தை விரலால் உருட்டிக் கிளப்பி, மெதுவாக இழுக்க வேண்டும். மெல்லியதாக இருந்து பிய்ந்தால், அதன் மேலேயே இன்னும் இரண்டு மூன்று பூச்சு கொடுத்துக் காயவிட்டு இழுங்கள். பல ஆண்டு வெயில் பட்ட தோல் இறுகிவிடும். மதுரை வெயில் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். ஆகவே இரண்டு மூன்று ஆண்டுக்கு மேல் விட்டுவைக்காதீர்கள். பெட்ரோல் பட்டாலும் இந்தத் தோல் இளகிவிடும். டேங்க் மூடி பக்கத்தில் சிந்தாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதன் ஆவி எளிதில் தீப்பிடிக்கும், மூச்சுக்கும் ஆகாது. அடைத்த ஷெட்டில், சமையலறை ஜன்னலை ஒட்டி, பீடி பிடித்துக்கொண்டு இந்த வேலையைச் செய்யாதீர்கள். துணி முகமூடி தூசியைத் தடுக்கும். கரைப்பான் ஆவியைத் தடுக்காது. அதற்கென்று உள்ள வடிகட்டி முகமூடி வேண்டும்.

கணக்குப் பார்ப்போம்

சக்கரத்துக்கு ஏறக்குறைய ஒரு டப்பா பிடிக்கும். ஒரு பேச்சுக்கு டப்பா 900 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நான்கு சக்கரத்துக்கு 3,600 ரூபாய். இரண்டு ஆண்டு நின்றால், 24 மாதத்தால் வகுக்க, மாதம் 150 ரூபாய். அரை நாள் கடைப் பையன் கூலியையும் இதோடு சேர்க்க வேண்டும். உங்கள் ஊர் விலையைப் போட்டு இதே கணக்கைச் செய்து பாருங்கள்.

முழு வண்டி என்றால் டப்பா கட்டுப்படியாகாது. நடுத்தரக் கார் ஒன்றுக்குச் சுமார் 15 லிட்டர் வாங்கி, ஸ்பிரே கன் வைத்து அடிக்க வேண்டிவரும். அந்தச் செலவை, பட்டறையில் சாதாரணப் பெயிண்ட் அடிக்கும் செலவோடு ஒப்பிடுங்கள். பட்டறைப் பெயிண்ட் பல ஆண்டு நிற்கும், இது நிற்காது.

சரக்கு ஏற்றும் வண்டிக்கு இன்னொரு சங்கதி உண்டு. மூட்டை உரசும், கயிறு அறுக்கும், தக்காளிப் பெட்டியின் மூலை குத்தும். ஒரு கிழிசல் விழுந்தால் அங்கிருந்து தோல் கிளம்பத் தொடங்கும். ஆகையால் சின்ன யானை போன்ற சுமை வண்டியின் பாடிக்கு இது பொருந்தாது. சக்கரம், முன் கிரில், சொந்தக் காரின் சில பாகங்கள் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்வதே என் யோசனை. கடைப் பெயர் போட வேண்டுமானால், பெயிண்டரைக் கூப்பிட்டு எழுதவைப்பதோ ஸ்டிக்கர் ஒட்டுவதோ இதைவிட லாபம். வாடகை வண்டியில் விளம்பரம் எழுதுமுன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவது பற்றியது. வண்டியின் நிறம் ஆர்.சி.யில் எழுதப்பட்ட ஒரு விவரம். சக்கரத்தையோ கிரில்லையோ கறுப்பாக்குவதால் அந்த விவரம் மாறாது. முழு வண்டியையும் வேறு நிறமாக்கினால் மாறிவிடும். ‘உரித்துவிடுவேன் ஐயா’ என்ற பதில், வழியில் நிறுத்திச் சோதிக்கும் அதிகாரியிடம் செல்லாது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, ஆர்.சி.யில் புது நிறத்தைப் பதிந்துகொள்ளுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் ஒரு கடிதம் கொடுங்கள். விபத்துக்குப் பிறகு நிறத் தகராறு வந்தால் நஷ்டம் நமக்குத்தான்.

மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121ஆம் விதிப்படி, ராணுவத்தின் ஆலிவ் பச்சை நிறத்தை மற்றவர் வண்டிக்கு அடிக்கக் கூடாது. அழகாக இருக்கிறதென்று அந்த டப்பாவை எடுத்துவிடாதீர்கள். கண்ணாடியில் முன், பின் 70 சதவீதமும், பக்கத்தில் 50 சதவீதமும் வெளிச்சம் ஊடுருவ வேண்டும் என்பது விதி. கறுப்புப் பிலிம் பற்றி உச்ச நீதிமன்றம் 2012இல் கண்டிப்பான தீர்ப்பும் அளித்தது. ஆகவே கண்ணாடியிலோ பின்விளக்கிலோ ஸ்பிரே அடிக்கும் பேச்சே வேண்டாம்.

கடையில் விற்பவர்களுக்கு

இளைஞர்கள் பைக்குக்குக் கேட்கிறார்கள் என்று சிலர் இந்த டப்பாவைக் கடையில் வைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். தவறில்லை, மூன்றைக் கவனியுங்கள்.

ஒன்று, லேபிள். 2011ஆம் ஆண்டு பொட்டலப் பொருள் விதிகளின்படி, வெளிநாட்டுச் சரக்கானாலும் இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, அளவு, மாதம், ஆண்டு, அதிகபட்ச சில்லறை விலை எல்லாம் டப்பாவில் இருக்க வேண்டும். இல்லாத டப்பா மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். பில் இல்லாமலும் வாங்காதீர்கள்.

இரண்டு, இடம். உணவுப் பொருளோடு ரசாயனச் சரக்கைச் சேர்த்து வைக்கக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் நிபந்தனைகளில் உள்ளது. விதி இல்லாவிட்டாலும் நமக்கே தெரியும்: தேயிலையும் மாவும் பக்கத்து வாசனையை இழுத்துக்கொள்ளும். ஒரு டப்பா கசிந்தால் ஒரு மூட்டை சரக்கு வீண்.

மூன்று, சூடு. அழுத்தம் ஏற்றிய டப்பா இது. 50 டிகிரிக்கு மேல் சூடேறினால் வெடிக்கக்கூடும். சித்திரை வெயிலில் பூட்டி நிறுத்திய வண்டிக்குள் வைக்காதீர்கள். தீப்பெட்டி, கற்பூரம் இருக்கும் தட்டும் இதற்கு ஆகாது.

பழைய வண்டி வாங்குவோர் நினைவில் வைக்க

• ஆர்.சி.யில் உள்ள நிறமும் கண்முன் உள்ள நிறமும் ஒன்றா?

• கதவின் உள்விளிம்பு, டேங்க் மூடியின் உட்புறம், பானெட்டின் அடிப்பக்கம் எல்லாம் அதே நிறம்தானா?

• ஓரத்தை நகத்தால் நிமிண்டினால் ரப்பர் போலக் கிளம்புகிறதா?

• ஒரு சிறு காந்தத்தைத் தகரத்தின் மேல் நகர்த்தினால் எங்காவது பிடி தளர்கிறதா? தளர்ந்தால் அங்கே பட்டி இருக்கலாம்.

• சேசிஸ் எண் ஆர்.சி.யோடு ஒத்துப்போகிறதா?

இந்த ஐந்தையும் பார்க்கப் பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடத்தை நான் அன்று செலவிடவில்லை. என் வேன் இப்போது வெள்ளை நிறத்தில்தான் ஓடுகிறது, ஆர்.சி.யிலும் வெள்ளைதான். சக்கரம் மட்டும் கறுப்பு. அது நானும் என் மகனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ஆறு பூச்சு கொடுத்து அடித்தது.