பிரேக் பெடல் பஞ்சாக அமுங்கினால்

அந்தமானின் டெய்ரி ஃபார்ம் பகுதியில் பழைய கார் வைத்திருப்பவர் எஞ்சினைவிடப் பிரேக் ஆயிலுக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊர் இது. பிரேக் ஆயிலோ காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸ் வரையாவது கொதிக்காமல் தாங்கும். ஈரம் ஏறியபின் 140 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். கொதித்தால் ஆவி. ஆயில் அமுங்காது, ஆவி அமுங்கும். பெடலும் கூடவே அமுங்கும்.

சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி 1961 முதல் தயாரித்த ஹெரால்டும், ஹெரால்டின் சேசிஸைச் சுருக்கி இங்கிலாந்தில் 1962-இல் வந்த ட்ரயம்ப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரும் ஒரே குடும்பம். இவை போன்ற அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் லைன். ஓரிடத்தில் ஆயில் ஒழுகினால் கால் பிரேக் மொத்தமும் போகும். இறக்கமும் வளைவுமான இந்த ஊர்ச் சாலைகளில் அப்புறம் கைவசமிருப்பது ஹேண்ட் பிரேக் மட்டும்தான்.

செய்ய வேண்டியவை

• வண்டியை நிறுத்திவைத்து, பெடல் என்ன சொல்கிறது என்று முதலில் பாருங்கள். மெத்தென்று அமுங்கினால் பெரும்பாலும் ஏர் பிடித்திருக்கிறது. இரண்டு மூன்று முறை பம்ப் செய்ததும் மேலே வந்து கெட்டியாக நின்றால் லைனிங்குக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடியிருக்கிறது. அட்ஜஸ்டரைத் திருகினால் சரியாகலாம். மிதித்துப் பிடித்திருக்கும்போதே மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டருக்குள் வாஷர் தேய்ந்திருக்கிறது. இந்த மூன்றையும் பிரித்தறியாமல் ஸ்பானர் எடுக்கவே வேண்டாம். சென்னையிலிருந்து கப்பலில் பாகம் வரக் காத்திருக்கும் ஊரில், தவறான பாகத்தை வரவழைப்பது பெரிய நஷ்டம்.

• காலையில் சரியாக இருந்த பெடல் நீண்ட இறக்கத்துக்குப் பின் மெத்தென்று ஆகி, ஆறியதும் திரும்பச் சரியானால் ஆயில் கொதித்திருக்கிறது. முழுவதையும் மாற்றுங்கள். பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். இந்தத் தீவில் ஆண்டுக்கு ஒருமுறை என்பதே என் கணக்கு.

• ஒருவரை மிதிக்கச் சொல்லிவிட்டு ரப்பர் ஹோஸைக் கையால் பிடித்துப் பாருங்கள். உப்பினால் மாற்ற வேண்டியதுதான்.

• எந்தச் சக்கரத்தில் கோளாறு என்று தெரியாவிட்டால், ஹோஸ் கிளாம்பால் ஒவ்வொரு ஹோஸாக மென்மையாக அடைத்துப் பெடலை மிதியுங்கள். எதை அடைத்ததும் பெடல் கெட்டியாகிறதோ, கோளாறு அந்தப் பக்கம்.

• வண்டியின் கையேடு வேறு வரிசை சொல்லாவிட்டால், மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்கி ஏர் எடுங்கள். ஏர் வெளியேறும் நிப்பிளை இறுக்கிய பிறகுதான் பெடலிலிருந்து கால் எடுக்க வேண்டும்.

• எவ்வளவு எடுத்தும் ஏர் போகாவிட்டால் நிப்பிள் இருக்கும் இடத்தைப் பாருங்கள். டிஸ்க் பிரேக் காலிப்பரை இடம் வலம் மாற்றிப் பூட்டியிருந்தால் நிப்பிள் கீழே போய்விடும். ஏர் மேலேயே தங்கிவிடும். நாள் முழுக்க மிதித்தாலும் அது வெளியே வராது.

• அடிப்பக்கத்து இரும்புக் குழாய்களை உப்புக்காற்று அரிக்கும். துரு ஏறிய குழாயைச் செம்பு-நிக்கல் கலவைக் குழாயாக மாற்றிவிடுங்கள்.

செய்யக்கூடாதவை

• பம்ப் செய்தால் பிடிக்கிறதே என்று ஓட்டாதீர்கள். இதை ஒரு வழக்கமாகவே வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஓட்டுபவர்கள் உண்டு. குறுக்கே ஒரு பிள்ளை ஓடிவந்தால் இரண்டாம் முறை மிதிக்க நேரம் கிடையாது.

• பழைய மாஸ்டர் சிலிண்டரில் ஏர் எடுக்கும்போது பெடலைத் தரைவரை மிதிக்காதீர்கள். வழக்கமாக எட்டாத அடிப்பகுதியில் துரு இருக்கும். வாஷர் அங்கே உரசிக் கிழியும். பெடலுக்குக் கீழே ஒரு மரக்கட்டையை வையுங்கள்.

• எஞ்சின் ஆயில், கியர் ஆயில் எதையும் ஆத்திர அவசரத்துக்குக்கூட ஊற்றாதீர்கள். ரப்பர் எல்லாம் ஊதிப்போகும். பிறகு மாஸ்டர் சிலிண்டரிலிருந்து ஹோஸ் வரை ரப்பர் பாகம் அத்தனையும் மாற்ற வேண்டும்.

• டாட் 5 சிலிக்கான் ஆயிலை டாட் 3, டாட் 4 ஆயிலோடு கலக்காதீர்கள். சிலிக்கான் ஈரத்தை இழுக்காது என்பது உண்மைதான். ஆனால் உள்ளே புகுந்த தண்ணீர் கலக்காமல் தாழ்வான இடத்தில் தேங்கி அங்கேயே துருவாக்கும்.

• மூடி திறந்த டின்னை அடுத்த மழைக்காலத்துக்கு எடுத்துவைக்காதீர்கள். சின்ன டின்னாக வாங்குங்கள். நிப்பிள் வழியே வந்த ஆயிலைத் திரும்ப ஊற்றவும் கூடாது.

• டிரம் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். ஈரத்துணியால் துடையுங்கள்.

• பெயின்ட் மேல் ஆயில் சிந்தினால் அப்படியே விடாதீர்கள், உரிந்துவிடும். உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

• வேலை முடிந்ததும் நேரே சிடியா டாப்பு சாலையில் இறங்காதீர்கள். எஞ்சினை ஓட்டாமல் ஒரு நிமிடம் பெடலை அழுத்திப் பிடியுங்கள், சக்கரங்களின் உட்புறம் ஈரம் தெரிகிறதா பாருங்கள், சமதளத்தில் மெல்ல ஓட்டி நிறுத்திச் சோதியுங்கள். மறுநாள் காலையில் ஆயில் மட்டம் குறைந்திருக்கிறதா என்று பார்த்தபின் இறக்கத்துக்குப் போகலாம்.