பீர்க்கும் பாகலும் எப்படி ஒரே குடும்பம்?

கேள்வி: ஐயா, வீட்டுக்குப் பின்னால் பந்தல் போட்டுப் பீர்க்கு, புடலை, பாகல், சுரை வைத்திருக்கிறோம். இவை எல்லாமே பூசணிக் குடும்பம் என்று மகளின் பாடப்புத்தகத்தில் போட்டிருக்கிறது. ஒன்றில் வரிவரியாக முகடு, ஒன்றில் முடிச்சு, ஒன்று நீண்டு தொங்குகிறது, ஒன்று உருண்டு பருக்கிறது. காயைப் பார்த்தால் ஒட்டுறவே தெரியவில்லையே? இன்னொரு சந்தேகம். கடையில் வாங்கிய பீர்க்கங்காயிலிருந்து விதை எடுத்து, காயவைத்து, ஆடிப்பட்டத்தில் ஊன்றினேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. பறங்கி விதை மட்டும் முளைத்தது. ஏன்?
— ஒரு வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: உறவைத் தோலில் தேடினால் கிடைக்காது. காயின் இரண்டு முனைகளிலும், குறுக்கே வெட்டிய வில்லையிலும் தேட வேண்டும்.

முதலில் ஒரு கத்தரிக்காயை எடுத்துக்கொள்ளுங்கள். பூவின் அடியில் இருந்த பச்சைத் தொப்பி காம்போடு ஒட்டிக்கொண்டு நிற்கும். சுரைக்காயிலோ பீர்க்கங்காயிலோ காம்புப் பக்கம் அந்தத் தொப்பி இருக்காது. எதிர்முனையில்தான் பூ உதிர்ந்த தழும்பு இருக்கும். காரணம், இந்தக் குடும்பத்தில் சூல்பை இதழ்களுக்குக் கீழே அமைந்திருக்கிறது. உங்கள் பந்தலில் பூத்த பெண்பூவைப் பாருங்கள். இதழ் விரிவதற்கு முன்பே அதன் அடியில் விரல்நுனி அளவுக்குப் பிஞ்சு இருக்கும். பாகல் பூவின் அடியில் இருப்பது முடிச்சோடு கூடிய பாகல் பிஞ்சு, சுரைப்பூவின் அடியில் இருப்பது ரோமம் படர்ந்த சுரைப்பிஞ்சு. ஆண்பூவில் வெறும் காம்புதான். மகரந்தம் வந்து சேராவிட்டால் அந்தப் பிஞ்சு மஞ்சளித்து உதிர்ந்துவிடும்.

அடுத்து, ஒரு வெள்ளரிக்காயை வில்லையாக நறுக்கி வெளிச்சத்தில் பிடியுங்கள். நடுவிலிருந்து மூன்று திசைக்குக் கோடு பிரியும். பெரும்பாலும் மூன்று சூலிலைகள் ஒன்றாக இணைந்துதான் இந்தக் குடும்பத்தின் காய் உருவாகிறது. பாகற்காயை முற்றவிட்டால் இந்த மூன்றும் உங்கள் கண்ணெதிரே பிரியும். ஆரஞ்சு நிறத்துக்குப் பழுத்து, நுனியிலிருந்து மூன்று மடலாகப் பிளந்து பின்னால் சுருளும். உள்ளே ஒவ்வொரு விதைக்கும் ரத்தச் சிவப்பில் ஒரு சதையுறை. அந்த நிறம் லைக்கோபீனால் வருவது, தக்காளியின் சிவப்புக்குக் காரணமான அதே பொருள். காய் அவ்வளவு கசந்தாலும் இந்த உறை இனிக்கும். பறவை அதற்காக வரும், விதை வேலி தாண்டும். புடலையும் பழுத்தால் ஆரஞ்சுச் சிவப்பாகி, உள்ளே விதையைச் சுற்றிச் சிவந்த கூழ் கட்டும். மேற்கு ஆப்பிரிக்காவில் அந்தக் கூழைத் தக்காளிக்குப் பதிலாகக் குழம்பில் சேர்க்கிறார்கள். நம்மில் பலர் பழுத்த புடலையைப் பார்த்ததே இல்லை, அதற்குள் பறித்துவிடுகிறோம்.

பீர்க்கு வேறு வழியில் போகிறது. முற்றினால் சதை வற்றி, உள்ளிருக்கும் நரம்பு வலையாகிவிடும். அதே பேரினத்து நுரைப்பீர்க்கின் வலையைத்தான் குளிக்கத் தேய்த்துக்கொள்கிறோம். காய்ந்த காயின் நுனியில் சிறு மூடி ஒன்று கழன்று விழும். காற்றில் காய் ஆட ஆட, அந்த வாய் வழியாகக் கறுப்பு விதைகள் உதிரும். பீர்க்கு விதை மேல்புறம் சொரசொரப்பாக இருக்கும். நுரைப்பீர்க்கு விதை வழவழவென்று, ஓரத்தில் மெல்லிய விளிம்போடு இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் குழந்தைகூடப் பிரித்துவிடும்.

சுரையின் சேதி எனக்கு மிகவும் பிடித்தது. முற்றிய சுரையின் ஓடு மரம்போல் இறுகி, நீர் புகாத குடுக்கையாகிவிடும். 1954இல் விட்டேக்கர், கார்ட்டர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் சுரைக் குடுக்கைகளைக் கடல்நீரில் 224 நாட்கள் மிதக்கவிட்டுப் பார்த்தார்கள். அதன் பிறகும் உள்ளிருந்த விதைகள் முளைத்தன. ஆப்பிரிக்காவில் பிறந்த சுரை பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அமெரிக்கக் கண்டத்தில் எப்படி இருந்தது என்ற கேள்விக்கு, கடலில் மிதந்து போயிருக்கலாம் என்ற பதில் வலுப்பெற்றது இப்படித்தான். குடுக்கைக்குள்ளேயே விதையை விட்டு அடுப்படிப் பரணில் கட்டிவைத்த நம் பாட்டிமார் அந்த ஓட்டின் பெருமையை அறிந்தே இருந்தார்கள்.

இதே குடும்பத்தில் மத்தியதரைக் கடலோரத்தில் ஒரு கொடி இருக்கிறது. பழுத்ததும் காய் காம்பிலிருந்து கழன்று, உள்ளிருக்கும் நீரின் அழுத்தத்தால் விதைகளைப் பல அடி தூரம் பீய்ச்சி அடிக்கும். ஜாவாக் காடுகளில் உயர்ந்த மரங்களில் ஏறும் இன்னொரு கொடியின் விதைக்குச் சுமார் 13 செ.மீ. அகலத்துக்கு மெல்லிய இறக்கை உண்டு. காய் அடியில் திறந்ததும் விதை வழுக்கியபடி காட்டைக் கடந்து போகும். நம் கடைகளில் கிடைக்கும் சௌசௌ இதற்கெல்லாம் நேர்மாறு. ஒரு காய்க்கு ஒரே விதை, அதற்குத் தனியே கெட்டியான உறைகூடக் கிடையாது. காய்க்குள்ளேயே முளைவிடும், ஆகவே காயை முழுதாக நட வேண்டும்.

இனி உங்கள் பீர்க்கு விதைக்கு வருவோம். இந்தக் குடும்பத்து விதையில் தனியாகச் சேமிப்புத் திசு கிடையாது. உணவு முழுவதும், எண்ணெயும் புரதமுமாக, இரண்டு விதையிலைகளுக்குள் இருக்கிறது. பறங்கி விதையின் தோலை உரித்தால் ஓட்டை நிரப்பிக்கொண்டு கிடக்கும் அந்த இரண்டு பருப்புப் பாதிகள்தான் விதையிலைகள். பீர்க்கு, புடலை, சுரை எல்லாவற்றையும் பூத்துப் பத்துப் பதினைந்து நாளில் பிஞ்சாகவே பறித்து விற்கிறார்கள். அப்போது விதை வெறும் வெள்ளைத் தோலாக இருக்கும், விதையிலை நிரம்பியிருக்காது. எத்தனை நாள் காயவைத்தாலும் அது முளைக்காது. பறங்கியும் வெண்பூசணியும் முற்றிய பிறகே கடைக்கு வருவதால் அவற்றின் விதை முளைக்கிறது.

எனவே கொடியில் நன்றாகக் காய்த்த ஒன்றிரண்டு காய்களைக் கறிக்குப் பறிக்காமல் விட்டுவிடுங்கள். பீர்க்கும் சுரையும் கொடியிலேயே காய்ந்து, குலுக்கினால் சத்தம் கேட்க வேண்டும். பாகல் பிளப்பதற்குள் எடுத்து, சிவப்பு உறையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். வெள்ளரி மஞ்சளானதும் கூழோடு ஒரு நாள் ஊறவிட்டு அலசினால் வழவழப்பு போய்விடும். நிழலில் உலர்த்துங்கள். ஊன்றும்போது ஓர் இரவு ஊறவைத்து, விதையைப் படுக்கையாக வையுங்கள். முளையின் கீழ்ப்பக்கம் ஒரு சிறு ஆப்பு வளர்ந்து, ஓட்டின் விளிம்பை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பிடியில் விதையிலைகள் ஓட்டை விட்டு உருவிக்கொண்டு மேலே வரும். டார்வின் 1880இல் தாவர அசைவுகளைப் பற்றிய நூலில் இதை விவரித்திருக்கிறார். செங்குத்தாக ஊன்றினால் இந்தப் பிடி சரியாக அமையாமல், ஓடு தலையில் மாட்டிக்கொண்டு நாற்று திணறக்கூடும்.

வீரிய ஒட்டு ரகக் காயிலிருந்து விதை எடுத்தால் அடுத்த தலைமுறை ஒரே மாதிரி வராது, நாட்டு ரகத்தில் மட்டும் எடுங்கள். பக்கத்தில் வேறு சுரை ரகம் இருந்தால் தேனீ இரண்டையும் கலந்துவிடும். அப்படிக் காட்டுச் சுரையின் கலப்பு விழுந்த விதையில் கசப்புக் காய் வரலாம். சுரைக்காயைச் சமைக்கும் முன் சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டுக் காயைத் தூக்கி எறியுங்கள். பாகற்காயின் கசப்பைப் போல இதை மருந்து என்று எண்ணிச் சாறு பிழிந்து குடிக்கவே கூடாது, கசப்புச் சுரைச் சாறு உயிரையே பறித்திருக்கிறது. அந்தக் கொடியிலிருந்து விதையும் எடுக்க வேண்டாம், வேரோடு பிடுங்கிவிடுங்கள்.