ஐம்பதுக்கு மேல் ஓர் அறிமுகம்

சிரஞ்சீவி மாப்பிள்ளைக்கு மாமன் எழுதுவது.  

சென்ற ஞாயிறன்று நஞ்சராயன் குளத்தங்கரையில் பறவை பார்க்கக் கூடியவர்கள் ஒவ்வொருவராகத் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தபோது, உன் முறையில் நீ பனியன் கம்பெனியின் பெயரையும், கட்டிங் மாஸ்டர் என்பதையும் மட்டும் சொல்லி, "வயசான காலத்துல வந்த ஆசைங்க, மன்னிச்சுக்கோங்க" என்று உட்கார்ந்துவிட்டதாக எழுதியிருந்தாய். அந்த மன்னிப்பு என் மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஆகையால் இக்கடிதம் சற்று நீளும்; இன்னொருவர் தம்மைச் சொல்லிக்கொண்ட கதையிலிருந்து தொடங்குகிறேன்.

1880-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் தேதி, கும்பகோணம் காலேஜில் தமிழ்ப் பண்டிதராக அமர்ந்து ஓராண்டும் நிறையாத உ. வே. சாமிநாதையர், அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர் என்ற பெருமிதத்தோடு, தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் கோவைகளையும் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கியும், முதலியார் முகத்தில் மலர்ச்சி காணோம். சீவக சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை படித்ததுண்டா என்று அவர் கேட்டார். இல்லையென்றே ஐயர் சொல்ல வேண்டியிருந்தது. கற்றவற்றின் வரிசை செய்யாததை அந்த 'இல்லை' செய்தது: முதலியாரிடமிருந்தே சிந்தாமணிப் பிரதி பெற்று, கும்பகோணத்து ஜைனர்களின் வீடு தேடிச் சென்று ஐயம் கேட்டு, 1887-இல் அந்நூலை அவர் அச்சிட்டார்.

முதலியாரைக் கண்டபோது அவருக்கு இருபத்தைந்து வயதுதானே என்பாய். அதே மனிதர் எண்பத்தைந்தை நெருங்கிய காலத்தில், 1940 ஜனவரியில், ஆனந்த விகடனில் 'என் சரித்திரம்' எழுதத் தொடங்கினார். மகாமகோபாத்தியாய முதலான பட்டங்களெல்லாம் வந்து சேர்ந்திருந்த அந்த நாளிலும், அவற்றில் ஒன்றையும் முன்னால் நிறுத்தாமல், உத்தமதானபுரம் என்னும் தம் சிற்றூரில் ஆரம்பித்து, முன்னோர், தந்தையார், ஆசிரியர் என்று பிறரைச் சொல்லிச் சொல்லியே தம்மையும் சொல்லிக்கொண்டு போனார். முதுமையில் ஒருவன் தன்னை உலகத்துக்குச் சொல்லிக்கொள்வதற்கு இதைவிட உத்தமமான முறையை நான் அறியேன்.

நீயோ உன் தொழிலை ஒரே மூச்சில் சொல்லி ஒதுக்கிவிட்டாய். தராசில் வைக்கும் முன்பே துணியின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே நெருடிப் பார்த்து, "இது 160 ஜிஎஸ்எம் வராது" என்று நீ எடை சொல்வதையும், ரோலைப் பிரித்து ஒரு ராத்திரி ஆறப்போடாமல் வெட்டினால் துவைத்த பின் பீஸ் சுருங்கிப்போகும் என்று, ஏற்றுமதி அவசரத்தில் நிற்கும் முதலாளியிடமே வாதாடுவதையும் நான் கண்டிருக்கிறேன். அந்தக் கண்ணும் அந்தப் பொறுமையும் இருப்பதால் அல்லவா, வரித்தலை வாத்தின் வெள்ளைத் தலையில் ஓடும் இரண்டு கறுப்புப் பட்டைகள் மறுகரையிலிருந்தே உனக்குப் புலப்பட்டன! இமயத்தைத் தாண்டி வரும் அந்தப் பறவையை அடையாளம் கண்டது முப்பது வருஷம் துணி பார்த்த கண்.

இன்னொன்றும் உன்னிடம் இருக்கிறது. நொய்யல் ஆறு ஒரு நாள் சிவப்பாகவும் மறுநாள் நீலமாகவும் ஓடியதை நீ பார்த்தவன். பாசனத்துக்கென்று 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் இடமாகிப்போனதையும், 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது கட்டிங் மேஜை துணியின்றிக் கிடந்ததையும் அந்தக் கூட்டத்து இளைஞர்கள் படித்திருக்கலாம். நீ அதில் கூலி இழந்தவன். நஞ்சராயன் குளம் 2022-இல் பறவைகள் சரணாலயமாகவும், 2024-இல் ராம்சார் ஈரநிலத் தலமாகவும் அறிவிக்கப்பட்டதன் அருமையை, தண்ணீர் கெட்டதைக் கண்ட ஒருவன் எழுந்து சொல்லும்போது கேட்பவர்களுக்கு அது வேறு விதமாக விளங்கும். சாயத்துணியை வெட்டியே பிழைத்தேன் என்பதையும் சேர்த்துச் சொல்; அதை மறைத்துவிட்டு ஆற்றுக்காக வருந்துவது நியாயமாகாது.

உன்னை முதன்முதலில் குளத்துக்கு அழைத்துப் போனவன், செக்கிங்கில் வேலை செய்யும் அம்மாளின் மகன், பள்ளிக்கூடத்துப் பையன் என்று முன்பே எழுதியிருந்தாய். அவனைச் சபையில் பெயர் சொல்லி, "இவர்தான் எனக்குக் காட்டிக் கொடுத்தவர்" என்று சொல். குரு வயதில் சிறியவராயிருப்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

தாமதமாக வந்ததற்கு மட்டும் இனி மன்னிப்புக் கேட்காதே. உள்ளான் பறவைகளில் எது எது என்று பிரித்தறியத் தெரியவில்லையென்று மூன்று பக்கம் எனக்கு எழுதியிருக்கிறாயே, எனக்கு அதில் என்ன தெரியும்? வருகிற ஞாயிறு உன் முறை வரும்போது அதை அங்கே எழுந்து நின்று கேள்.

இங்ஙனம்,
ஆசீர்வாதங்களுடன்,
மாமன்