காலுக்கு ஒரு காவல்

கொத்தனாருக்குக் கரண்டி வேண்டும். தச்சருக்கு உளி வேண்டும். கம்பி கட்டுபவருக்குக் குறடு வேண்டும். இவர்கள் எல்லோருக்கும் பொதுவான கருவி ஒன்று உண்டு. அதுதான் காலணி.

பெங்களூரில் கட்டட வேலை செய்பவர்களில் தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கத்து மக்கள் பலர். பீகார், ஒடிசா, வங்காளத்திலிருந்தும் பலர் வருகிறார்கள். மொழி வேறு வேறு. ஆனால் கால்கள் படும் பாடு ஒன்றுதான்.

மண் தரை சற்று அமுங்கிக் கொடுக்கும். கான்கிரீட் தரை அமுங்காது. நாள் முழுவதும் அதில் நின்றால் குதிகால் வலிக்கும். பிறகு முழங்கால் வலிக்கும். இடுப்பும் வலிக்கும். தரையில் ஆணியும் கம்பித் துண்டும் வேறு கிடக்கும். ரப்பர் செருப்பில் ஆணி சுலபமாக ஏறிவிடும். அப்புறம் ஊசி, மருந்துச் செலவு. நாலு நாள் கூலியும் போய்விடும்.

ஆகவே நல்ல சேஃப்டி ஷூ வேண்டும். அதை எப்படித் தேர்ந்தெடுப்பது?

வேலையைப் பாருங்கள்

பல மணி நேரம் கான்கிரீட்டில் நிற்பவருக்கு பி.யூ. சோல் நல்லது. அது கனம் குறைந்தது. அதிர்ச்சியைத் தாங்கும். ஆனால் அதிகச் சூடு தாங்காது. தார்ச் சாலை போடுபவர்கள் சூடு தாங்கும் ரப்பர் சோலைக் கேட்டு வாங்க வேண்டும். பி.வி.சி. சோல் விலை குறைவு. ஆனால் கனம் கூடுதல்.

கான்கிரீட் போடும் நாளில் உயரமான ரப்பர் பூட்ஸ் அணியுங்கள். ஈரச் சிமெண்டு தோலை அரித்துப் புண்ணாக்கும். பூட்சுக்குள் சிமெண்டு புகுந்தால் உடனே கழற்றிக் காலை நிறையத் தண்ணீரில் கழுவுங்கள்.

எழுத்தைப் படியுங்கள்

நாம் படிக்கக் கற்றுக்கொண்டோம் அல்லவா? அந்தப் படிப்பு இங்கே காலைக் காக்கும்.

ஷூவில் ஐ.எஸ்.ஐ. முத்திரையைத் தேடுங்கள். முத்திரைக்கு மேலே ஓர் எண் இருக்கும். 15298 என்பது தொழிலாளர் காலணிக்கான எண். அதோடு பகுதி எண்ணும் இருக்கும்.

பகுதி 2 என்றால், விரல்களுக்கு மேலே கெட்டியான மூடி உண்டு. 20 கிலோ எடை 1 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் உண்டாகும் அடியை அது தாங்கும். பகுதி 3 என்றால், அதில் பாதி அடியைத் தாங்கும். பகுதி 4 என்றால், மூடி கிடையாது.

விரல் மூடி இருந்தால் ஆணியும் ஏறாது என்று எண்ண வேண்டாம். ஆணியைத் தடுக்க சோலுக்குள் தனித் தகடு வேண்டும். 'எஸ்1' என்று மட்டும் எழுதியிருந்தால் தகடு இல்லை. 'எஸ்1பி' என்று இருந்தால் தகடு உண்டு. ஓர் எழுத்துதான் வித்தியாசம். அந்த ஓர் எழுத்தில் நம் கால் இருக்கிறது. இவை ஆங்கில எழுத்தில் இருக்கும். தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் காட்டிக் கேளுங்கள்.

முத்திரைக்குக் கீழே உரிம எண் இருக்கும். 'பி.ஐ.எஸ். கேர்' என்ற கைபேசிச் செயலியில் அந்த எண்ணைப் போட்டால், முத்திரை உண்மையா, போலியா என்று தெரியும்.

தயாரித்த ஆண்டையும் பாருங்கள். பி.யூ. சோல் பல ஆண்டுகள் கடையில் கிடந்தால் உதிர்ந்துவிடும்.

போட்டுப் பாருங்கள்

மாலையில் கடைக்குப் போங்கள். நாள் முழுதும் நின்ற கால் மாலையில் சற்று வீங்கியிருக்கும். அதுதான் சரியான அளவு. வேலைக்குப் போடும் சாக்ஸையே போட்டுக்கொள்ளுங்கள். ஒரு கடையில் நடந்த பேச்சைக் கேளுங்கள்.

தம்பி: அண்ணே, முன்னால விரல் இடிக்குது. போடப் போட இளகிடும்னு கடைக்காரர் சொல்றாரு.

மேஸ்திரி: தோல் இளகும் தம்பி. இரும்பு இளகுமா? ஒரு நம்பர் பெரிசா கேளு.

தம்பி: இது இடிக்கலை அண்ணே. பணம் கொடுத்திடட்டுமா?

மேஸ்திரி: பொறு. ரெண்டு காலிலும் போடு. ஒரு கால் சற்றுப் பெரிசா இருக்கும். அந்தக் காலுக்குத்தான் அளவு பார்க்கணும். லேசைக் கட்டிட்டு நட. குந்தி எழுந்திரு. குதிகால் வெளியே வருதா?

தம்பி: இல்லை அண்ணே.

மேஸ்திரி: இப்போ ஷூவை வளைச்சுப் பாரு. விரல் மடங்குற இடத்துல வளையணும். நடுவுல மடங்கினா வேண்டாம்.

பெண்களின் பாதம் பொதுவாகக் குறுகலானது. ஆண்களின் ஷூவில் துணியைத் திணித்துப் போடக் கூடாது. சாரத்தில் ஏறும்போது தடுக்கி விழ நேரும். பெண்களுக்கான அளவைக் கேட்டு வாங்குங்கள்.

கணக்குப் போடுவோம்

ஒரு ஷூவின் விலை 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 4 மாதத்தில் கிழிகிறது. மாதச் செலவு 100 ரூபாய்.

இன்னொன்றின் விலை 900 ரூபாய். 12 மாதம் உழைக்கிறது. மாதச் செலவு 75 ரூபாய்.

எது மலிவு?

பேணிக் காப்போம்

இரவில் உள்ளே இருக்கும் அட்டையை எடுத்துக் காய வையுங்கள். ஈரமான ஷூவில் பழைய செய்தித்தாளைச் சுருட்டி வையுங்கள். அடுப்பருகே வைக்காதீர்கள். தோல் வெடித்துவிடும்.

காலையில் தட்டி உதறிவிட்டுப் போடுங்கள். உள்ளே தேள் இருக்கலாம். கல்லும் இருக்கலாம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் கால் மரத்துப் போயிருக்கலாம். கல் உறுத்தினாலும் தெரியாது. அவர்கள் தினமும் பாதத்தைப் பார்க்க வேண்டும்.

ஆணி குத்தினால், காயம் சிறிதாக இருந்தாலும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அன்றே மருத்துவமனைக்குப் போய் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள்.

நம் உரிமை

வேலையிடப் பாதுகாப்புக்கான 2020-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ளது. பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களுக்கு அது பொருந்தும். பாதுகாப்புக்காகச் செய்து தரும் எதற்கும் தொழிலாளியிடம் பணம் வாங்கக் கூடாது என்று அது சொல்கிறது. ஆகவே ஷூவுக்காகக் கூலியில் பணம் பிடித்தால் கேளுங்கள். தனியே கேட்கத் தயக்கமா? எல்லோரும் சேர்ந்து கேளுங்கள்.

பேசுவோம், எழுதுவோம்

1. கடைக்கு ஏன் மாலையில் போக வேண்டும்?
2. 'எஸ்1', 'எஸ்1பி' இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?
3. 600 ரூபாய் ஷூ 8 மாதம் உழைத்தால் மாதச் செலவு எவ்வளவு?
4. உங்கள் வேலையிடத்தில் எத்தனை பேர் செருப்போடு வேலை செய்கிறார்கள்? எண்ணி எழுதுங்கள். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மேஸ்திரியிடம் பேசுங்கள்.