'ஸ்ட்ராங்' என்றாலே 'ஃபோர்த்தே' அல்ல

ஒருவரின் மன உறுதியைப் பாராட்டும் ஆங்கில வரியைப் போர்ச்சுகீசிய மொழிக்கு மாற்றும்போது, அகராதி காட்டும் முதல் சொல்லை அப்படியே எடுத்து ஒட்டிவிடாதீர்கள்.

'ஸ்ட்ராங்' என்பதற்கு 'ஃபோர்த்தே' சரியான சொல்தான். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வடிவம். அதையே 'பெர்சொனலிதாதே ஃபோர்த்தே' என்று நீட்டினால்தான் சிக்கல். பிரேசிலில் அது பாராட்டாகவும் இருக்கலாம். 'இவரோடு ஒத்துப்போவது கஷ்டம்' என்பதை நாசூக்காகச் சொல்வதாகவும் இருக்கலாம். 'ஜேனியோ ஃபோர்த்தே' என்றால் முன்கோபம். எனவே பரிந்துரைக் கடிதத்தில் 'தெத்தெர்மினாதோ' என்று எழுதுங்கள், பெண்ணென்றால் 'தெத்தெர்மினாதா'. உறுதியானவர் என்ற பொருள் மட்டும் நிற்கும்.

பலரும் வழுக்கி விழும் இடம் 'சென்சிபிள்'. பார்க்க ஒரே மாதிரி இருக்கும் 'சென்சீவெல்' விவேகியைக் குறிக்காது. எளிதில் மனம் நோகிறவரைக் குறிக்கும். விவேகிக்குச் சொல் 'சென்சாத்தோ'.

'கேரக்டர்' கதாபாத்திரமானால் 'பெர்சொனாஜெம்', நேர்மைக் குணமானால் 'கராத்தெர்'.

விடாப்பிடியாகப் போராடும் குணத்துக்கு எனக்கு மிகவும் பிடித்த சொல் 'கர்ரா'. பருந்தின், புலியின் கூர்நகம் என்பதே அதன் நேர்ப்பொருள். ஒரு பெண்ணுக்குக் 'கர்ரா' இருக்கிறது என்றால், பிடித்ததை விடமாட்டாள் என்று பொருள். எந்த நீண்ட விளக்கத்தையும்விட இந்த ஒரு சொல் அழகாக உட்காரும்.

நோயில் கிடப்பவருக்கு? 'ஃபோர்சா!' என்று ஒற்றைச் சொல் அனுப்புங்கள். 'தைரியமாக இருங்கள்' என்று அவருக்குப் புரியும்.