இசைக்குழு கூடும் வகை

பிழைப்பு நோக்கமின்றி விருப்பம் ஒன்றே காரணமாகச் சேர்ந்து இசைப்போரை ஆர்வலர் குழுவினர் என்கிறோம். நம் மாணவருள் சிலர் ‘ராக்’ என்னும் மேனாட்டு இசைவகையில் அத்தகைய குழு ஒன்று அமைக்க விரும்பி, உறுப்பினர் தேடி வருகின்றனர். கிதார் உடையார் நால்வர் எளிதில் அகப்படுகின்றனர். தாளம் கொட்டுவோர் ஒருவரும் அகப்படவில்லை என்பது அவர்கள் குறை. இது திறமைக் குறைவால் நேர்ந்ததன்று. கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு பேருந்தில் ஏறிவிடலாம். முரசுத் தொகுதிக்கோ ஓர் அறை வேண்டும். அதன் ஓசையைப் பொறுக்கும் அண்டை வீட்டாரும் வேண்டும். ஆகவே, ‘யார் வருவார்?’ என்று வினவுமுன், ‘வருவோர்க்கு இடமும் பொழுதும் உளவோ?’ என்று வினவுதல் முறையாம்.

மேனாட்டு வரலாறுகளைக் காண்போம். 1956ஆம் ஆண்டில் லிவர்பூல் நகரத்து ஜான் லெனன் என்னும் பள்ளி மாணவர், உடன் பயின்றோரைக் கூட்டி, தம் பள்ளியின் பெயரைத் தழுவிக் ‘குவாரிமென்’ என ஒரு குழு கண்டார். அவர்களுடைய கருவிகளைக் கேட்பின் நகை தோன்றும். தேயிலைப் பெட்டியில் கோல் நட்டுக் கயிறு கட்டியது ஒன்று. துணி துவைக்கும் பலகை மற்றொன்று. 1957 ஜூலை 6ஆம் நாள் ஒரு தேவாலயத் தோட்ட விழாவில் இவர்கள் வாசித்தனர். அன்று பால் மக்கார்ட்னி என்னும் 15 வயதுச் சிறுவரை நண்பர் ஒருவர் லெனனிடம் அழைத்து வந்தார். பீட்டில்ஸ் குழு அச்சந்திப்பின் வழிவந்ததே. 1976இல் டப்ளின் நகரில் லாரி முல்லன் என்னும் 14 வயது மாணவர் தம் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒரு சீட்டு ஒட்டினார். வந்தவர் அவர் வீட்டுச் சமையலறையில் கூடினர். யூ டூ என்னும் குழு அங்குத் தோன்றிற்று. இவற்றைப் படிக்கும் நாம் அச்சிறுவரின் ஊக்கத்தையே வியக்கிறோம். பள்ளிப் பலகையும் கோயில் விழாவும் சமையலறையும் ஓய்ந்த மாலைப் பொழுதும் அவர்கட்குக் கேளாமலே கிடைத்திருந்தன என்பதை எண்ணுவதில்லை.

இனி நம் திண்டுக்கல் சமவெளிக்கு வருவோம். இங்குத் தாளம் அறிந்தோர்க்குப் பஞ்சமில்லை. திருவிழாக்களில் கரகாட்டத்திற்கு வாசிக்கும் நையாண்டி மேளத்தில் நாதசுரமும் தவிலும் பம்பையும் ஒருவரையொருவர் துரத்தி விளையாடுதலைக் கேளாதார் யார்? ஆயினும் அஃது ஆர்வலர் குழுவன்று. உறவின் வழியும் ஆசான் வழியும் ஆட்சேரும் தொழிற்குழு.

பறையின் நிலை வேறு. சாவு வீட்டில் பறையடித்தல் இன்ன சாதியாரின் கடமை என்று ஊர் விதித்தது. கூலி அற்பம், இழிவு மிகுதி. அதனால், ‘இனிப் பறையைத் தொடோம்’ என்று அதனைக் கைவிட்டோர் பலர். அவர்களைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. அடிக்க மறுத்தலே அவர்கட்கு விடுதலையாயிற்று. எனினும் அக்கருவியைத் தாமே விரும்பி எடுத்தலும் விடுதலையாகக்கூடும் என்று காட்டிய குழு ஒன்று நம் ஊரிலேயே உண்டு.

1990ஆம் ஆண்டளவில் அருட்சகோதரி சந்திரா திண்டுக்கல்லில் தொடங்கிய சக்தி கலைக்குழுவே அது. அதன் உறுப்பினர் ஒடுக்கப்பட்ட சமூகங்களைச் சார்ந்த இளம்பெண்கள். அவருள் பலர் பள்ளிப் படிப்பை இடையில் விட்டவர். பறை ஆடவர்க்கே உரியது என்பது ஊர் வழக்கம். ஆதலின் அக்கருவியை ஏந்திய பெண், சாதி இழிவு, பெண்ணுக்கு விதித்த தடை என்னும் இரண்டையும் ஒருங்கே எதிர்த்து நின்றாள். இத்தகையோரை அறிவிப்புச் சீட்டு ஒட்டிச் சேர்த்தல் இயலுமோ? இம்மாவட்டத்து நூற்பாலைகளில் கிராமத்து இளம்பெண்கள் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் விடுதியில் தங்கி உழைத்த வழக்கம் யாவரும் அறிந்ததே. இறுதியில் தரும் தொகை திருமணச் செலவுக்கு ஆகும் என்பதே அவர்கட்குக் காட்டிய ஆசை. ஏழைக் குடும்பத்துப் பெண்ணின் பொழுது அவளுக்குச் சொந்தமன்று. ஆகவே இம்மையத்தார் உண்ணவும் உறங்கவும் இடந்தந்து, தையல் முதலிய தொழிலும் கற்பித்து, அவற்றோடு ஆட்டமும் பறையும் பயிற்றினர். முதலில் பொழுதை உண்டாக்கினர். பின்னரே குழு உண்டாயிற்று.

அங்கு வந்தோர் கலை கற்று வந்தவரல்லர் என்பதையும் நோக்குக. பறை, மரச்சட்டத்தில் தோலைப் போர்த்தி ஒட்டியது. இடத்தோளில் தொங்கவிட்டு, ஒரு கையில் குறுந்தடியும் மறுகையில் நீண்ட மெல்லிய குச்சியும் கொண்டு, அடவு வைத்து ஆடிக்கொண்டே அடிக்க வேண்டும். முன்னிற்பவர் குறிப்புக் காட்டிய கணத்தில் அனைவரும் ஓர் அடியினின்று மற்றோர் அடிக்கு மாறவேண்டும். ஒருத்தி பிந்தினாலும் காதுக்குத் தெரிந்துவிடும். கூடி வாழ்ந்து பயின்றோர்க்கே இது வசமாம். அமெரிக்க இசையியல் அறிஞர் ஜோயி ஷெரினியன் இக்குழுவைப் பற்றி ‘சக்தி வைப்ரேஷன்ஸ்’ என ஓர் ஆவணப்படமே எடுத்தார். நம்மூர்க் குழுவை நம்மில் பலர் அதன் வாயிலாகவே அறிந்தோம் என்பது சற்று வெட்கத்திற்குரியது.

சென்னையிலும் ஒரு சான்று உண்டு. 2017இல் திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து, கானா பாடகரையும் ராப் பாடகரையும் கருவியாளரையும் சோதித்துத் தெரிந்தெடுத்துத் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்னும் குழுவை அமைத்தனர். 2018 ஜனவரி 6ஆம் நாள் கீழ்ப்பாக்கத்தில் முதல் அரங்கேற்றம். கிதாரும் பறையும் ஒரே மேடையில் ஒலித்தன. ஆனால் தொடக்கத்தில் இருந்த 19 பேருள் இசைவாணி ஒருவரே பெண். தெரிந்தெடுக்கும் முறையில், தேர்வுக்கு வர வாய்ப்புள்ளவர் மட்டுமே வருவர். திண்டுக்கல் முறையின் அருமை இங்கு விளங்கும்.

குழு அமைக்க விழையும் நம் மாணவர்க்கு ஒன்றிரண்டு சொல்வேன். ‘கருவி உடையோர் வருக’ என்று பலகையில் எழுதுவது வேண்டா. கருவி பொதுவில் இருக்கட்டும். பயிற்சியை மாலை ஆறு மணிக்கு வைத்தால் விடுதி மாணவரே வருவர். நத்தம், வேடசந்தூர் பேருந்துகளைப் பிடிக்கவேண்டியவர் வாரார், மாணவியரும் வாரார். நண்பகல் இடைவேளையில் அரைமணி நேரம் ஒதுக்கினால் எல்லோரும் வரலாம். முரசுத் தொகுதி வாங்கப் பொருள் சேரும்வரை இரண்டு பறைகளைக் கொண்டு தாளத்தை நடத்தலாம். ராக் இசையின் நாலடித் தாளத்திற்கு அவை நன்கு பொருந்தும். ஒன்றைமட்டும் முன்கூட்டிக் கவனிக்க: தோற்பறையை வாசிக்குமுன் தீயில் காய்ச்ச வேண்டும். வைக்கோல் கொளுத்தும் இடத்தை விடுதிக் காப்பாளரைக் கேட்டுக்கொண்டே தெரிந்தெடுப்பது நலம்.